சதுர மீட்டருக்கு

பிறையில் எங்கள் காகித மில்லுக்கு
ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு.
இருபத்து மூன்று டிகிரி, ஈரப்பதம் பாதி.
வெளியே கடற்காற்று
கொள்கலன் லாரிகளைத் துருவாக்கிக்கொண்டிருக்கும்.
உள்ளே நான் ஜாக்கெட் போட்டுக்கொண்டு
தாளை வட்டம் வட்டமாக வெட்டுவேன்.

வெட்டும் கருவியை மேலே வைத்து அழுத்தி
கால் சுற்று திருப்பினால் போதும்.
விட்டம் பதினொன்று புள்ளி இரண்டு எட்டு.
ஏன் இப்படி ஒரு கோணல் எண் என்று
புதிதாகச் சேர்ந்த ஹஸ்னா கேட்டாள்.
பரப்பு நூறு வருவதற்கு.
எடையை நூறால் பெருக்கினால்
ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்.
ரோலை அவிழ்த்துவிட்டால் ஈப்போ வரைக்கும் போகலாம்,
தட்டில் வைப்பது ஒரு பூரி அளவுதான்.

தராசுக்குக் கண்ணாடிக் கதவு.
சாத்தும்வரை எண் நிற்காது;
என் மூச்சையும் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அதற்கு.

ஒரு ரோலுக்கு ஐந்து வட்டம்:
இந்த ஓரம், அந்த ஓரம், நடு, இடையில் இரண்டு.
நேற்றிரவு ரோலில் நடு எண்பத்து மூன்று,
ஓரம் எழுபத்தாறரை.
சூப்பர்வைசர் ஊய் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
"சராசரி எண்பது வருதுலா. கையெழுத்துப் போடு."

எண்பதுதான். கூட்டிப் பார்த்தேன், வகுத்துப் பார்த்தேன்.
ஆனால் சராசரியின் மேல் யாரும் எழுதுவதில்லை.
பேனா ஓரத்துக்கு வரும்போது
அதற்கு ஓரம் மட்டும்தான் காகிதம்.
மஞ்சள் சீட்டு ஒட்டினேன்.
அவர் சப்புக்கொட்டிவிட்டுப் போனார்.

விடிகாலை மூன்றரைக்கு
பையிலிருந்து அதை எடுத்தேன்.
தம்பி தனபாலனுக்கு வந்த கடிதம்.
சுங்கை பாக்காப் ஆஸ்பத்திரியில் பிறந்தவன்,
முப்பத்து மூன்று வயது,
கையில் இன்னும் சிவப்பு ஐசி.
இது ஆறாவது மனு.
வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறார்கள்.
காரணத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்,
காரணத்தை எழுதவில்லை.
நாலு நாள் லாரியில் சட்டைப்பையில் வைத்துத் திரிந்துவிட்டு
"அக்கா, நீயே வெச்சிக்க" என்று கொடுத்தான்.

அதை எப்படி வெட்டுவது?
தேவையும் இல்லை.
பதினாறு ஏ-நான்கு தாள் ஒரு சதுர மீட்டர்.
எண்பது கிராம் தாள் என்றால் ஐந்து காட்ட வேண்டும்.
காட்டியது ஐந்து புள்ளி மூன்று ஒன்று.

கம்பிவலை மேல் விரித்து இரண்டு மணி நேரம் விட்டேன்.
அறை தன் வேலையைச் செய்தது.
ஐந்து புள்ளி பூஜ்யம் இரண்டு.
காய்ந்து போன கால் கிராம் சொச்சம்
அவன் வியர்வை, ஜூரு டோலில் பிடித்த மழை.
மீதி முழுக்க அரசாங்கம்.

பிறகு, எதற்கென்று தெரியாமல், மடித்தேன்.
எடை அதே, பரப்பு பாதி: நூற்று அறுபது.
இன்னொரு முறை: முந்நூற்று இருபது.
அறுநூற்று நாற்பது.
நாலாவது மடிப்பை நகத்தால் தேய்க்க வேண்டியிருந்தது.
ஆயிரத்து இருநூற்று எண்பது.
அவன் மடித்த கோடுகளிலேயே
என் கோடுகளும் விழுந்தன.

மடித்ததை என் நீல ஐசியின் மேல் வைத்துப் பார்த்தேன்.
அகலம் கிட்டத்தட்ட அதே.
நீளத்தில் ஒரு விரல் குறைகிறது.

ஆறு மணிக்கு ஊய் பதிவேட்டைப் புரட்டினார்.
ஓரத்தில் பென்சிலில் கிறுக்கியிருந்த எண்ணில்
அவர் விரல் நின்றது.
"ஆயிரத்து இருநூத்து எண்பதா? எந்த ரோல் இது?
நாம அட்டை ஓட்டறதில்லையே."
"வெளி சாம்பிள்."
"பாஸா, ஃபெயிலா?"

தராசின் கதவைத் திறந்தேன்.
எண்கள் ஓடத் தொடங்கின.